‘என்ன மருந்து அடிக்கலாம்?’ – விற்பவருக்கு உரிமம் உண்டு, ஆலோசனை சொல்பவருக்கு? பழவேற்காடு வரை நீளும் கேள்வி

தமிழகத்தில் நெல் விளையும் எந்த ஊரிலும் பூச்சிமருந்துக் கடை வாசலில் நடக்கும் உரையாடல்தான் இது. விவசாயி நாலு பயிரை வேரோடு பிடுங்கி, பிளாஸ்டிக் கவரில் சுற்றி எடுத்து வருவார். “அண்ணே, இலையெல்லாம் சுருண்டு வெள்ளையாயிடுச்சு. இன்னா மருந்து அடிக்கலாம்?” கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். “புழுதான். இத அடி. கூடவே இந்த டானிக்கையும் கலந்துக்கோ, பயிர் தெம்பா வரும்.” இரண்டே நிமிடம். கையில் காசு இல்லையென்றால் கணக்கு நோட்டில் எழுதிக்கொள்வார். அறுவடை முடிந்து கொடுத்தால் போதும்.

அந்த இரண்டு நிமிடத்தில் எடுக்கும் முடிவு வயலோடு நிற்பதில்லை. திருவள்ளூர் மாவட்டத்தில் அது வடிகாலில் இறங்கி, ஆரணி ஆற்றில் கலந்து, பழவேற்காடு ஏரியைப் போய்ச் சேர வாய்ப்பு உண்டு. ஆந்திர மலைப்பகுதியில் பிறக்கும் ஆரணி ஆறு ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி என்று நெல் வயல்களின் நடுவே ஓடி, ஏரியின் தென்பகுதியில் விழுகிறது. வடக்கே ஆந்திரப் பக்கத்திலிருந்து காளங்கி, சொர்ணமுகி ஆறுகளின் நீர் வருகிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. வெள்ளை இறால், நண்டு, மடவை என்று இதை நம்பித்தான் கரையோரக் குப்பங்களில் அடுப்பு எரிகிறது. வலையும் படகும் இல்லாத இருளர் குடும்பங்கள் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, சேற்றைக் கையால் துழாவியே இறால் பிடிக்கிறார்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழவேற்காட்டு மீனவர்களிடம் ஏரியின் சிக்கல் என்னவென்று கேட்டால், பூச்சிமருந்து முதலில் வராது. முகத்துவாரம் மணல் மூடுவது, எண்ணூர்ப் பக்கத்து அனல்மின் நிலையங்கள், காட்டுப்பள்ளி துறைமுகம் என்றுதான் பட்டியல் தொடங்கும். அது நியாயமான வரிசையும்கூட. ஆனால் கண்ணுக்குத் தெரியும் ஆபத்துக்கு எதிராக ஊர்கூடிப் போராட முடிகிறது. மேலே இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கடை மேஜையில் எடுக்கப்படும் முடிவுக்கு எதிராக யாரிடம் போய் நிற்பது?

இறாலும் ஒரு வகையில் பூச்சிதான்

இதைப் புரிந்துகொள்ளாமல் இந்தக் கட்டுரையில் மேலே போக முடியாது. பூச்சி, சிலந்தி, இறால், நண்டு எல்லாம் கணுக்காலிகள் என்ற ஒரே பெருங்குடும்பம். பூச்சியின் நரம்பைத் தாக்கும் மருந்து இறாலின் நரம்பையும் தாக்கும். சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற செயற்கை பைரித்ராய்டுகள் மனிதருக்குக் கொடுக்கும் தொல்லையைவிடப் பல மடங்கு தொல்லையை இறால், நண்டு, மீன் ஆகியவற்றுக்குக் கொடுக்கும். தண்ணீரில் நூறு கோடியில் ஒரு பங்கு, சில மருந்துகளில் அதற்கும் கீழே இருந்தாலே சில கணுக்காலிகள் தாங்காது. இன்னொரு வகை மருந்து, பூச்சி தோலுரிப்பதைத் தடுத்துக் கொல்லும். இறாலும் நண்டும் தோலுரித்துத்தான் வளர்கின்றன.

இப்போது மருந்து டப்பாவில் உள்ள முக்கோணத்தைப் பார்ப்போம். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறம். சிவப்பு என்றால் கொடிய விஷம், பச்சை என்றால் விஷம் குறைவு. பெரும்பாலான விவசாயிகளுக்கு இது தெரியும், நல்லதுதான். ஆனால் இந்த நிறம் எதை வைத்துத் தீர்மானிக்கப்படுகிறது? சோதனைக்கூட விலங்குகளின் வாய் வழியாகவும் தோல் வழியாகவும் செலுத்தி, எவ்வளவு மருந்தில் பாதி விலங்குகள் இறக்கின்றன என்று பார்க்கும் அளவை வைத்து. உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராம் வரை வாய்வழியே கொல்லும் என்றால் சிவப்பு. 500 வரை மஞ்சள். 5,000 வரை நீலம். அதற்கு மேல் பச்சை. அதாவது மனிதருக்கு என்ன ஆகும் என்பதற்கான அடையாளம் அது. இறாலுக்கு என்ன ஆகும் என்று முக்கோணம் சொல்வதே இல்லை.

உதாரணம் வேண்டுமானால் குளோரான்ட்ரனிலிபுரோல். நெல்லில் தண்டுத்துளைப்பானுக்கும் இலைச்சுருட்டுப்புழுவுக்கும் இன்று பரவலாகப் போடப்படும் மருந்து. பச்சை முக்கோணம். பழைய சிவப்பு மருந்துகளோடு ஒப்பிட்டால், தெளிக்கும் கூலித்தொழிலாளிக்கு இது பெரிய நிம்மதி. அதே மருந்து நீரில் வாழும் முதுகெலும்பில்லா சிற்றுயிர்களுக்கு மிகவும் நச்சுத்தன்மை உடையது. “பச்சைதான்பா, ஒண்ணும் பண்ணாது” என்று கடையில் சொல்லப்படும் வாக்கியம் வயலுக்குப் பாதி உண்மை, ஏரிக்கு அதுவும் கிடையாது. இந்த வித்தியாசத்தைச் சொல்லத் தெரிந்த ஒருவர் விவசாயிக்கும் டப்பாவுக்கும் நடுவில் இருக்கிறாரா என்பதே கேள்வி.

மருந்து அடிக்காதே என்று சொல்லத் தெரிவதும் ஒரு படிப்பு

ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்றதும் பலர் வேப்பெண்ணெயையும் விளக்குப்பொறியையும் நினைக்கிறார்கள். அதன் அடிப்படை எண்ணுவது. வயலில் இறங்கி, பூச்சியையும் எண்ண வேண்டும், பூச்சியைத் தின்னும் பூச்சியையும் எண்ண வேண்டும். சேதம் ஒரு அளவைத் தாண்டினால்தான் மருந்து. இந்த அளவுக்குப் பொருளாதாரச் சேத நிலை என்று பெயர்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் நெல்லுக்குச் சொல்லும் கணக்கு இது: தண்டுத்துளைப்பான் என்றால் நடுக்குருத்து காய்வது 10 சதவீதம், அல்லது வெண்கதிர் 2 சதவீதம். இலைச்சுருட்டுப்புழு என்றால் வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம், பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதம். கதிர்நாவாய்ப்பூச்சி பூக்கும்போது 100 கதிருக்கு 5, பால் பிடிக்கும்போது 16. இதில் அழகான கணக்கு புகையானுடையது. ஒரு தூருக்கு 1 பூச்சி இருந்தால் மருந்து; ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் 2 பூச்சி வரை பொறுக்கலாம். ஒரு சிலந்திக்கு அவ்வளவு மதிப்பு.

இந்தச் சிலந்தியைத்தான் முதல் தெளிப்பு கொல்கிறது. நட்ட முதல் சில வாரங்களில் இலை சுருள்வது பார்க்கப் பயமாக இருக்கும். பயிர் அந்த வயதில் புது இலை விட்டு ஈடுகட்டிவிடும். அந்த நேரத்தில் பைரித்ராய்டு அடித்தால் புழு சாகும், கூடவே சிலந்தியும் மற்ற நல்ல பூச்சிகளும் சாகும். பின்னால் வரும் புகையானைத் தடுக்க ஆள் இருக்காது. மருந்து அடித்த பிறகு புகையான் முன்பைவிடப் பெருகுவதை வேளாண் அறிஞர்கள் மறு உற்பத்திப் பெருக்கம் என்கிறார்கள். செயற்கை பைரித்ராய்டு, குயினால்பாஸ் போன்றவற்றை நெல்லில் தவிர்க்கச் சொல்வது இதனால்தான். விவசாயி மொழியில் சொன்னால், முதல் டப்பா ரெண்டாவது டப்பாவை வரவழைக்கிறது.

மாற்று என்ன என்றால், ட்ரைக்கோகிரம்மா என்ற முட்டை ஒட்டுண்ணி அட்டை ஒன்று. தண்டுத்துளைப்பானுக்கு ஜப்பானிக்கம் வகை, நட்ட 30, 37-ஆவது நாட்களில். இலைச்சுருட்டுப்புழுவுக்கு கைலோனிஸ் வகை, 37, 44, 51-ஆவது நாட்களில். ஹெக்டேருக்கு ஒவ்வொரு முறையும் 5 சிசி, அதாவது சுமார் 1 லட்சம் ஒட்டுண்ணி. நாள் தவறினால் வேலை செய்யாது. அட்டை கட்டிய கையோடு மருந்து அடித்தால் போட்ட காசு போச்சு. ஆகவே இது டப்பா வாங்கிப் போவதைப் போன்ற வேலை அல்ல. பருவம் முழுக்கப் பக்கத்தில் ஒரு ஆள் தேவை.

அந்த ஆள் யார்?

2003-இல் தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம் நாடு முழுக்க விவசாயக் குடும்பங்களிடம் கேட்டது: புதிய தொழில்நுட்பத் தகவல் எங்கிருந்து கிடைக்கிறது? பத்தில் ஆறு குடும்பங்களுக்கு எங்கிருந்தும் கிடைக்கவில்லை. கிடைத்தவர்களில் முன்னோடி விவசாயிகளிடமிருந்து என்றவர்கள் மொத்தக் குடும்பங்களில் 16.7 சதவீதம். இடுபொருள் விற்பனையாளரிடமிருந்து 13.1 சதவீதம். அரசு விரிவாக்கப் பணியாளரிடமிருந்து 5.7 சதவீதம். பத்தாண்டு கழித்து 2012-13-இல் நடந்த ஆய்விலும் சுமார் 59 சதவீதக் குடும்பங்களுக்கு எந்த வகையிலும் தொழில்நுட்ப உதவி கிடைக்கவில்லை என்றே வந்தது. ஆக, பக்கத்து வயல்காரரை விட்டால் அடுத்து நிற்பவர் கடைக்காரர். உதவி வேளாண் அலுவலரைக் குறை சொல்லியும் பயனில்லை. ஒருவர் தலையில் பல ஊர்கள், அதோடு மானியப் பட்டியல், பயிர்க் கணக்கெடுப்பு, காப்பீட்டு வேலை. கடை காலை எட்டு மணிக்குத் திறந்துவிடும்.

சட்டம் யாரைப் பார்க்கிறது, யாரைப் பார்க்கவில்லை

1958-இல் கேரளத்தில் பாரத்தியான் பூச்சிமருந்து கலந்துவிட்ட கோதுமை மாவைச் சாப்பிட்டு 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் தொடர்ச்சியாக அமைக்கப்பட்ட குழுக்களின் பரிந்துரைகளிலிருந்து பிறந்ததுதான் பூச்சிக்கொல்லிகள் சட்டம், 1968. விதிகள் 1971-இல் வந்தன. தயாரிக்க உரிமம், இருப்பு வைக்க உரிமம், விற்க உரிமம். வீட்டில் கரையானுக்கு மருந்தடிக்க வரும் நிறுவனத்துக்குக்கூட உரிமம் வேண்டும். அதற்கு அறிவியல் அல்லது வேளாண் பட்டமும் அங்கீகரித்த நிறுவனத்தில் 15 நாள் பயிற்சியும் கேட்கிறது விதி. டிரோனில் மருந்து தெளிக்கவும் பைலட் சான்றிதழ் தேவை. 2023-இல் அறிவிக்கப்பட்ட நமோ டிரோன் தீதி திட்டத்தில் மகளிர் குழுப் பெண்களுக்கு 15 நாள் பயிற்சி.

இந்த வயலில் எதை, எவ்வளவு, எப்போது அடிக்கலாம், அல்லது அடிக்கவே வேண்டாமா என்று சொல்பவருக்கு? எந்த உரிமமும் தேவையில்லை. மருந்து கம்பெனியின் கள ஊழியர் சொல்லலாம், யூடியூபர் சொல்லலாம், வாட்ஸ்அப் குழுவில் யாரோ சொல்லலாம்.

விற்பவரையாவது படித்தவராக ஆக்குவோம் என்று மத்திய அரசு இறங்கியது 2015 நவம்பரில். விற்பனை உரிமம் பெற வேளாண்மை, உயிர்வேதியியல், உயிரித் தொழில்நுட்பம், உயிர் அறிவியல் போன்றவற்றில் பட்டமோ, வேளாண் பட்டயமோ வேண்டும் என்று விதி திருத்தப்பட்டது. நாடு முழுக்கக் கடைக்காரர்கள் கொதித்தார்கள். முப்பது வருடமாகக் கடை நடத்துபவர் எந்தக் கல்லூரிக்குப் போவார்? அவர்கள் கேட்டதிலும் நியாயம் இருந்தது. கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. கடைசியில், ஏற்கெனவே உரிமம் வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு வகுப்பு வீதம் 12 வாரச் சான்றிதழ் பயிற்சி முடித்தால் போதும் என்று வழி விடப்பட்டது.

இதற்கு முன்பே தொடங்கியது ‘தேசி’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் பட்டயப் படிப்பு. ஹைதராபாத்தில் உள்ள மேனேஜ் நிறுவனம் 2003-இல் ஆரம்பித்தது. இடுபொருள் கடைக்காரர்களுக்கு மட்டும். வாரம் ஒரு நாள், பெரும்பாலும் கடை விடுமுறை நாளில், மொத்தம் 48 வாரம். 40 நாள் வகுப்பறை, 8 நாள் வயல். கட்டணம் 20,000 ரூபாய். அரசு நிதியில் சேருபவருக்குப் பாதி. மண், விதை, உரம், பூச்சி, சட்டம் எல்லாம் உண்டு. ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்து ஐம்பது வயதில் பரீட்சை எழுதும் கடைக்காரரை யாரும் லேசாக நினைக்கக் கூடாது. படித்து வந்த பிறகு பூச்சிக்கும் நோய்க்கும் வித்தியாசம் தெரிந்து மருந்து கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

ஆனால் ஒரு முடிச்சை எந்தப் பட்டயமும் அவிழ்க்காது. “இந்த வாரம் எதுவும் அடிக்க வேணாம்ணே, சிலந்தி இருக்கு, பாத்துக்கலாம்” என்று சொன்னால் கடையில் வியாபாரம் இல்லை. கடன் நோட்டு வேறு இருக்கிறது. போன பருவத்துப் பாக்கி நிற்கும் விவசாயி, கடைக்காரர் கொடுக்கும் மருந்தை வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? ஆலோசனை இலவசம் என்று நினைக்கிறோம். அதன் விலை டப்பாவுக்குள் இருக்கிறது.

2009: தமிழகம் ஒரு முறை முயன்று பார்த்தது

ஆலோசகருக்குப் பதிவும் உரிமமும் வேண்டும் என்ற யோசனை தமிழகத்துக்குப் புதிதல்ல. 2009-இல் தமிழ்நாடு மாநில வேளாண்மை மன்றச் சட்டம் சட்டப்பேரவையில் நிறைவேறியது. மருத்துவர்களுக்கு மருத்துவ மன்றம், வழக்கறிஞர்களுக்கு பார் கவுன்சில் இருப்பதுபோல வேளாண் பட்டதாரிகளுக்கு ஒரு மன்றம். குறிப்பிட்ட பல்கலைக்கழகங்களின் பட்டம் பெற்று, மன்றத்தில் பதிவு செய்தவர்கள்தான் வேளாண் ஆலோசனைச் சேவை தரலாம். பதிவில்லாமல் சொன்னால் அபராதம். மீண்டும் சொன்னால் சிறைக்கும் இடம் இருந்தது.

எதிர்ப்பு அலை அலையாக வந்தது. பஞ்சகவ்யம் செய்யக் கற்றுத்தரும் விவசாயி குற்றவாளியா? பாட்டன் காலத்து விதைநேர்த்தியைப் பக்கத்து ஊருக்குச் சொன்னால் வழக்கா? இயற்கை வேளாண் அறிஞர் கோ.நம்மாழ்வார் எதிர்த்தவர்களில் முன்னணியில் இருந்தார். அவரே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மை படித்து, கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்தவர் என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டம் அவரை வெளியே தள்ளியிருக்காது. அவரிடம் கற்ற, பட்டம் இல்லாத ஆயிரக்கணக்கான விவசாயிகளைத் தள்ளியிருக்கும். சட்டம் நடைமுறைக்கு வராமலே போனது.

அது போனது நல்லதுக்குத்தான். அந்தச் சட்டம் யார் பேசலாம் என்று மட்டும் பார்த்தது. பேசுபவர் எந்தக் கம்பெனியிடம் கமிஷன் வாங்குகிறார் என்று பார்க்கவில்லை. சொன்னதை எழுத்தில் கொடுக்க வேண்டுமா, தவறாகச் சொன்னால் யார் பொறுப்பு என்பதில்தான் கவனம் போயிருக்க வேண்டும். இதில் இழப்பு என்னவென்றால், அதோடு சேர்ந்து அந்தக் கேள்வியே தமிழகத்தில் பேச்சிலிருந்து மறைந்துவிட்டது.

மற்ற இடங்களில் என்ன செய்தார்கள்?

பக்கத்தில் கேரளம். 2011-இல் கடுமையான பூச்சிக்கொல்லிகள் பலவற்றைத் தடை செய்ததோடு, சில வகைகளை வேளாண் அலுவலரின் பரிந்துரைச் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்று சொன்னது. 2019 ஜனவரியில் திருவல்லா அருகே நெல் வயலில் மருந்து தெளித்த இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள். அதன் பிறகு சீட்டு விதி மேலும் இறுக்கப்பட்டது. மேல் குட்டநாட்டு வயல் அது. நெல்லும் காயலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் இடம், பழவேற்காடு மாதிரியே.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆலோசகர் என்பது உரிமம் பெற்ற தொழில். தேர்வு எழுத வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 40 மணி நேரம் தொடர்கல்வி படித்தால்தான் உரிமம் புதுப்பிக்கப்படும். பரிந்துரையை எழுத்தில் கொடுக்க வேண்டும். குறை என்னவென்றால், ஆலோசகர்களில் பலர் மருந்து விற்கும் நிறுவனங்களின் சம்பளத்தில் இருக்கிறார்கள்.

அதே மாநிலத்தில் பழவேற்காட்டுக்கு நேராகப் பொருந்தும் ஒரு சம்பவம் உண்டு. 1980-களின் தொடக்கத்தில், நெல் வயல்களின் வடிகால் நீர் போகும் கொலுசா வாய்க்காலில் கெண்டை மீன்கள் செத்து மிதந்தன. மோலினேட் என்ற களைக்கொல்லிதான் காரணம் என்று தெரிந்தது. மருந்தைத் தடை செய்யாமல் வேறு வழி எடுத்தார்கள். மருந்து போட்ட வயலின் மடையைத் திறக்கக் கூடாது, நீரை வயலிலேயே தேக்கி மருந்து சிதைய விட வேண்டும். அந்தக் காத்திருப்பு 28 நாள் வரை நீட்டப்பட்டது. ஆற்றில் கலந்த மருந்தின் அளவு அடியோடு இறங்கியது.

பொன்னேரிப் பக்கம் இதை அப்படியே செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். சம்பா பயிருக்கு மருந்து தேவைப்படும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. வரப்பே மூழ்கும் நாளில் மடையை மூடி என்ன பயன்? அப்படியானால் மழைக்கு முன்தினம் தெளிக்காமல் இருப்பது, அட்டைகளைச் சரியான நாளில் கட்டுவது, வடிகாலை ஒட்டிய வரப்போரம் தெளிப்பைத் தவிர்ப்பது, குஞ்சு இறால் ஏரிக்குள் வளரும் காலம் எது என்று தெரிந்து வைத்திருப்பது என்று இங்கேயே கணக்குப் போட வேண்டியிருக்கிறது. கோடையில் கையில் தண்ணீர் இருக்கும் நவரைப் பயிருக்கு மடை மூடும் விதி எளிதாகவே பொருந்தும். இத்தகைய உள்ளூர்க் கணக்கை எந்த டப்பாவின் துண்டுச்சீட்டிலும் அச்சடிக்க முடியாது.

பிரான்ஸ் இன்னும் ஒரு படி போனது. மருந்து விற்பவர் ஆலோசனை சொல்லக் கூடாது, ஆலோசனை சொல்பவர் விற்கக் கூடாது என்று 2018-இல் சட்டம் போட்டு, 2021 ஜனவரி 1 முதல் அமல்படுத்தியது. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது என்ன? சுயேச்சையான ஆலோசகர்கள் போதுமான அளவில் இல்லை; காசு கொடுத்து ஆலோசனை வாங்க விவசாயிகளும் தயங்கினார்கள். 2025-இல் வந்த சட்டம் விற்பனையாளர்களுக்கு இந்தத் தடையைத் தளர்த்திவிட்டது. கத்தரிக்கோல் வைத்துப் பிரிப்பது சுலபம், பிரித்த இடத்தில் ஆளை நிறுத்துவதுதான் கஷ்டம்.

இந்தோனேசியா வேறு திசையில் நடந்தது. 1970-களிலும் 80-களிலும் புகையானால் நெல் அழிந்து நாடே தவித்தது. அளவுக்கு மீறிய மருந்துதான் புகையானை வளர்க்கிறது என்று அறிவியலாளர்கள் காட்டினார்கள். 1986-இல் அதிபர் உத்தரவு ஒன்று நெல்லில் 57 மருந்துகளைத் தடை செய்தது. பூச்சிமருந்து மானியமும் படிப்படியாக நிறுத்தப்பட்டது. 1989-இல் உழவர் வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. பருவம் முழுக்க வாரம் ஒருநாள் விவசாயிகளே வயலில் இறங்கி, பூச்சியை எண்ணி, படம் வரைந்து, விவாதித்து, இந்த வாரம் என்ன செய்வது என்று முடிவெடுப்பார்கள். பத்தாண்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் இதில் படித்தார்கள். ஆலோசகர் பற்றாக்குறைக்கு அவர்கள் கண்ட விடை, விவசாயியையே ஆலோசகர் ஆக்குவது.

நம்மிடமும் அது இருக்கிறது. 1991-92 முதல் மத்திய ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை மையங்கள் செயல்படுகின்றன. தமிழகத்தில் திருச்சியில் ஒன்று. ஒரு வயல்வெளிப் பள்ளிக்குச் சுமார் 30 விவசாயிகள், 14 வாரம். திருவள்ளூர் மாவட்டத்துக்கென்று திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் மையமும் இருக்கின்றன. 2024 ஆகஸ்ட்டில் தேசியப் பூச்சிக் கண்காணிப்பு செயலியும் வந்துவிட்டது. பூச்சியைப் படமெடுத்தால் என்ன பூச்சி என்று சொல்லும். படத்தில் உள்ள பூச்சியைச் சொல்லும், சரி. வயலின் வடிகால் எந்த ஏரிக்குப் போகிறது என்று கேட்குமா?

ஏரிக்காரர்களுக்கு இதில் இடம் எங்கே?

பழவேற்காட்டு மீனவர்கள் விதி போடத் தெரியாதவர்கள் அல்ல. ‘பாடு’ என்று தலைமுறை தலைமுறையாக ஒரு முறை இருக்கிறது. எந்த ஊர்க்காரர், எந்த நாளில், ஏரியின் எந்த இடத்தில் வலை போடலாம் என்று அவர்களே முறை வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் போட முடியாது. மீறினால் ஊர்க் கூட்டம் கேட்கும். ஆய்வாளர்கள் பலர் வந்து எழுதிப்போன முறை அது. தண்ணீருக்குள் இவ்வளவு ஒழுங்கு. தண்ணீருக்குள் வந்து விழுவதைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேட்க இடம் இல்லை.

வேளாண் துறை விவசாயிகளுக்கானது, மீன்வளத் துறை மீனவர்களுக்கானது. மருந்துக் கடை உரிமம் முதல் துறையில், இறால் இரண்டாவதில். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் கால்வாய், உரம், கொள்முதல் நிலையம் எல்லாம் பேசப்படும். குப்பத்துக்காரர் அதில் விவசாயி என்ற கணக்கில் வரமாட்டார்.

உரிமச் சட்டம் மாறுவது மெதுவாகத்தான் நடக்கும். 1968 சட்டத்துக்குப் பதிலாக 2008-இல் ஒரு மசோதா வந்தது. 2020 மார்ச்சில் மாநிலங்களவையில் இன்னொன்று அறிமுகமாகி நிலைக்குழுவுக்குப் போனது. அதற்குக் காத்திருக்காமலே செய்யக்கூடியவை சில உண்டு. மாவட்டத்துக்கு மாவட்டம் நடக்கும் தேசி வகுப்பில், திருவள்ளூர்க் கடைக்காரர்களின் 8 வயல் நாட்களில் ஒன்றைப் பழவேற்காட்டுக் கரையில் வைக்கலாம். சைபர்மெத்ரின் டப்பா விற்பவர், ஏரியில் இறால் பிடிப்பவரை ஒருமுறை நேரில் பார்ப்பார். கடைக்காரர் சொல்லும் மருந்தின் பெயர், அளவு, பூச்சியின் பெயர், மூன்றையும் பில்லிலேயே எழுதச் சொல்லலாம். பில் கொடுப்பது ஏற்கெனவே விதியில் உள்ளதுதான். பொன்னேரி, மீஞ்சூர் வட்டாரங்களில் சம்பா நடவுக்கு ஒரு வயல்வெளிப் பள்ளி தொடங்கினால், அந்த 30 பேரில் குப்பத்துப் பெண்கள் இரண்டு பேருக்கு இடம் ஒதுக்க எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. ட்ரைக்கோகிரம்மா அட்டை வளர்ப்பைத் தமிழகத்தில் மகளிர் குழுக்கள் ஏற்கெனவே செய்கின்றன. சிறிய அறையும் சுத்தமும் நாள் தவறாத கவனமும் போதும்.

விவசாயி இந்தப் பருவத்திலேயே செய்யக்கூடியது இன்னும் எளிது. மருந்து வாங்கும்போது டப்பாவோடு வரும் துண்டுச்சீட்டையும் கேட்டு வாங்குவது. குளம், ஏரி, ஓடையில் மருந்தோ காலி டப்பாவோ கலக்கக் கூடாது என்ற எச்சரிக்கை அதில் பொடி எழுத்தில் இருக்கும். தெளிப்பானைக் கழுவிய நீரை வாய்க்காலில் ஊற்றுவது எந்த மருந்திலும் கூடாது. கடைக்காரர் மருந்தை எடுத்து நீட்டும்போது ஒரே ஒரு கேள்வி கேட்கலாம்: “அண்ணே, இது எத்தனை சதவீதத்துக்கு மேல போனா அடிக்கணும்?” பதில் தெரிந்தவர் யார், தெரியாதவர் யார் என்று அங்கேயே தெரிந்துவிடும். சந்தேகம் தீரவில்லையென்றால் கிசான் அழைப்பு மையம் 1800-180-1551. தமிழில் பேசலாம், காசு கிடையாது.